கண் இமையில் ஊதா நிறம், கையைத் தூக்க முடியாத பலவீனம்... 'டெர்மட்டோமயோசிடிஸ்' - அலட்சியம் வேண்டாம்!

'தங்கல்' படம் பார்த்தவர்களுக்கு அந்தச் சின்னப் பெண்ணை மறந்திருக்காது. அப்பா முடியை ஒட்ட வெட்டிவிட, அழுதுகொண்டே அக்காவோடு மல்யுத்தப் பயிற்சிக்கு ஓடும் குட்டி பபிதாவாக நடித்தவர் சுஹானி பட்னாகர். 2016-ல் வெளியான அந்தப் படத்துக்குப் பிறகு படிப்பில் கவனம் செலுத்தியவர், 2024 பிப்ரவரி 16-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 19. கையில் தொடங்கிய வீக்கம் உடல் முழுக்கப் பரவியதாகவும், பல வாரங்கள் கழித்தே நோயின் பெயர் தெரியவந்ததாகவும், பிறகு நோய்த்தொற்றும் நுரையீரல் பாதிப்பும் சேர்ந்துகொண்டதாகவும் அவரின் பெற்றோர் சொன்னார்கள்.

அந்த நோயின் பெயர்தான் டெர்மட்டோமயோசிடிஸ். வாயில் நுழையாத பெயர். ஆனால் அது தரும் அறிகுறிகள் நம் வீட்டில் அன்றாடம் காதில் விழும் புலம்பல்கள் மாதிரியேதான் இருக்கும். அதனால்தான் பலர் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

'வயசாயிடுச்சு... அதான்!'

இப்படி ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். 45 வயது அம்மா. காலையில் வாசலில் கோலம் போட உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து, தலை வாரும்போது கை பாதியிலேயே சோர்ந்து கீழே விழுகிறது. கொடியில் துணி காயப்போட மகளைக் கூப்பிடுகிறார். டவுன் பஸ்ஸில் முதல் படி ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிறார்.

"என்னமோ தெரியல, உடம்புல தெம்பே இல்ல" என்கிறார். "வயசாயிடுச்சு", "ரத்தம் கம்மியா இருக்கும்", "தைராய்டு பாருங்க" என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கண்ணைச் சுற்றி ஒரு கருமை, விரல் மூட்டுகளின் மேல் தடிப்பு... அதற்கு, "புது சோப்பு ஒத்துக்கல" என்று ஒரு க்ரீம். சருமத்துக்கு ஒரு டாக்டர், உடல் சோர்வுக்கு ஒரு டாக்டர் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாக வைத்தியம் நடக்கும். இரண்டும் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றாது.

டெர்மட்டோமயோசிடிஸ் பிடிபடாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அது என்ன டெர்மட்டோமயோசிடிஸ்?

கிரேக்க மொழியில் 'டெர்மா' என்றால் தோல். 'மயோ' என்றால் தசை. 'ஐடிஸ்' என்பது அழற்சியைக் குறிக்கும். தோலிலும் தசையிலும் ஒருசேர ஏற்படும் அழற்சி என்பதுதான் பெயரின் பொருள். 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர்கள் இதை அடையாளம் கண்டு, இந்தப் பெயரையும் வைத்துவிட்டார்கள்.

இது ஓர் ஆட்டோஇம்யூன் பிரச்னை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் நம் உடம்பையே தாக்குகிறது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்காரரை அடிப்பது மாதிரி. இந்த நோயில் முக்கியமாகத் தாக்கப்படுபவை தசைகளுக்கும் தோலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள். அவை சேதமாகும்போது தசை நார்கள் பட்டினி கிடந்து மெலிகின்றன. வைரஸ் வந்தால் உடல் சுரக்கும் 'இன்டர்ஃபெரான்' என்ற பொருள், இவர்களுக்கு வைரஸ் இல்லாமலேயே அளவுக்கு மீறி வேலை செய்வதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இது தொற்றுநோய் கிடையாது. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒன்றாகப் படுத்தாலோ பரவாது. சாபமும் இல்லை, 'உடம்பு சூடு'ம் இல்லை. மரபணுவில் இருக்கும் ஒரு சாய்வோடு, வெயிலின் புற ஊதாக்கதிர், சில தொற்றுகள், சில மருந்துகள் என்று ஏதோ ஒன்று சேரும்போது நோய் தூண்டப்படுகிறது.

யாருக்கெல்லாம் வரலாம்?

அரிய நோய்தான். இரண்டு பருவங்களில் அதிகம் தென்படுகிறது. ஒன்று, 5 முதல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இன்னொன்று, 40 முதல் 60 வயது வரையிலான பெரியவர்கள். ஆனால் நடுவில் வரவே வராது என்று அர்த்தமில்லை. சுஹானிக்கு 19 வயதுதானே! ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது.

தோல் சொல்லும் சேதி

பல பேருக்குத் தசை பலவீனத்துக்கு முன்பே தோலில் மாற்றம் தெரிந்துவிடும். கவனிக்க வேண்டிய இடங்கள் இவை.

*மேல் இமை:* ஊதா கலந்த சிவப்பு நிறம், சில நேரம் வீக்கத்தோடு. இதை 'ஹீலியோட்ரோப்' தடிப்பு என்பார்கள். அது ஓர் ஊதாப் பூவின் பெயர். நம்மூர் வயல் வரப்பில் வளரும் தேள்கொடுக்குச் செடியும் அதே இனம்தான்.

*விரல் மூட்டுகள்:* கை விரல் முட்டிகளின் மேல் ஊதா அல்லது சிவப்பு நிறத்தில் சின்னச்சின்னத் தடிப்புகள். ஜெர்மன் தோல் மருத்துவர் ஹைன்ரிஷ் காட்ரன் பெயரால் இவை 'காட்ரன் தடிப்புகள்' எனப்படுகின்றன. முழங்கை, முழங்காலிலும் வரலாம்.

*கழுத்து, தோள்:* முன்கழுத்தில் 'வி' வடிவத்தில், முதுகில் சால்வை போர்த்திய மாதிரி நிறமாற்றம். வெயில் பட்டால் அதிகமாகும்.

*நகக்கண்:* நகத்தின் அடித்தோல் சிவந்து, தடித்து, நுண்ணிய ரத்தக்குழாய்கள் கண்ணுக்கே தெரியும்.

*உள்ளங்கை, விரல் ஓரம்:* மெக்கானிக் கைபோலக் கருத்து, வெடித்து, சொரசொரப்பாகும்.

*தலை:* பொடுகு மாதிரியே செதில், தாங்க முடியாத அரிப்பு, முடி உதிர்தல்.

ஒரு முக்கியமான விஷயம். மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல்காரர்களுடையவை. நம்முடைய மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் அந்தச் சிவப்பு 'பளிச்'சென்று தெரியாது. அடர் பழுப்பாகவோ, சாம்பல் கலந்த ஊதாவாகவோ, வெறும் கருமையாகவோதான் தெரியும். 'கண்ணுக்குக் கீழ கருவளையம்', 'மங்கு' என்று கடந்துபோய்விடுவோம். கருவளையம் கண்ணுக்குக் கீழே வரும். இந்த நோயின் நிறமாற்றம் மேல் இமையில் வரும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

லூபஸ் என்ற இன்னொரு ஆட்டோஇம்யூன் நோயிலும் முகத்தில் தடிப்பு வரும். ஆனால் லூபஸில் பெரும்பாலும் மூக்கோரத்திலிருந்து உதடு வரை போகும் கோடு தப்பித்துவிடும். டெர்மட்டோமயோசிடிஸில் அந்தக் கோடும் சேர்ந்தே பாதிக்கப்படும். விரல்களில் லூபஸ் மூட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் வரும். இது சரியாக மூட்டுகளின் மேலேயே வரும்.

தசை சொல்லும் சேதி

இந்த நோயில் பலவீனம் விரல் நுனியில் ஆரம்பிக்காது. உடம்பின் நடுப்பகுதிக்கு அருகிலிருக்கும் தசைகளில் ஆரம்பிக்கும். அதாவது இடுப்பு, தொடை, தோள்பட்டை, கழுத்து. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் பேனா பிடித்து எழுத முடியும், சட்டை பட்டன் போட முடியும். ஆனால்...

- தரையில் உட்கார்ந்து எழ முடியாது. இந்தியன் டாய்லெட் பெரும் சோதனையாகிவிடும்.
- மாடிப்படி, பஸ் படி ஏற முடியாது.
- பரணில் இருந்து பாத்திரம் எடுக்க, ஜடை பின்ன, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கை எழும்பாது.
- படுத்த நிலையிலிருந்து தலையணையைவிட்டுத் தலையைத் தூக்க முடியாது.

'சோர்வா இருக்கு' என்பதற்கும் 'வலு இல்ல' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. சோர்வு ஓய்வெடுத்தால் சரியாகும். வலு இழப்பு, நன்றாகத் தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, அது சமீபத்தில் வந்த மாற்றம் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதை வைத்தே நோய் என்று முடிவுகட்டக் கூடாது. மூட்டுத் தேய்மானம், தைராய்டு குறைவு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, வைட்டமின் டி குறைபாடு என்று வேறு காரணங்களும் இருக்கலாம்.

இந்த மூன்றும் இருந்தால் காத்திருக்காதீர்கள்!

1. விழுங்குவதில் சிரமம். ரசம் குடித்தால் மூக்கு வழியாக வருவது, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, குரல் மூக்கால் பேசுவதுபோல மாறுவது. தொண்டைத் தசைகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா ஆகலாம்.

2. வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குவது. நுரையீரல் திசுவில் அழற்சி தொடங்கியிருக்கலாம். 'எம்.டி.ஏ-5' என்ற எதிரணு இருப்பவர்களில் சிலருக்கு, தசை பலவீனமே பெரிதாக இல்லாமல், சில வாரங்களிலேயே நுரையீரல் மோசமாகிவிடும். ஆசிய நாட்டவர்களிடம் இந்த வகையை மருத்துவர்கள் அதிகம் பார்க்கிறார்கள். உள்ளங்கையில் வலியுள்ள தடிப்புகள், விரல் மூட்டில் புண் ஆகியவை இதற்கான முன்னறிவிப்பு.

3. படுக்கையிலிருந்து எழ முடியாத அளவுக்கு வேகமாகக் கூடும் பலவீனம்.

இதில் எது இருந்தாலும் 'அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

'லிவர் ப்ராப்ளம்'னு சொன்னாங்களே?

தசை சேதமாகும்போது அதற்குள் இருக்கும் என்சைம்கள் ரத்தத்தில் கசியும். அதில் முக்கியமானது சி.பி.கே. சாதாரணமாக 200-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இந்த அளவு, இந்த நோயில் ஆயிரக்கணக்கில் போகலாம். சிலருக்கு நார்மலாகவும் இருக்கலாம் என்பதால், இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் வைத்து 'நோய் இல்லை' என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லிவர் டெஸ்ட்டில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி இரண்டும் தசையிலும் உண்டு. தசை சேதமானாலும் அவை ஏறும். உடனே 'கல்லீரல் கோளாறு' என்று நினைத்து, கீழாநெல்லி, பத்தியம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார்கள். மஞ்சள் காமாலை இல்லை, பிலிருபின் நார்மல், ஆனால் இந்த இரண்டு மட்டும் ஏறியிருக்கிறது, கூடவே உடலில் வலு இல்லை என்றால், "சி.பி.கே ஒரு தடவை பாத்துடலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மற்ற பரிசோதனைகள்: ஏ.என்.ஏ மற்றும் மயோசிடிஸ் எதிரணுக்களுக்கான ரத்தப் பரிசோதனை, தொடைத் தசைகளுக்கு எம்.ஆர்.ஐ, தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி, தேவைப்பட்டால் தோல் அல்லது தசையிலிருந்து சின்னத் துண்டெடுத்துச் செய்யும் பயாப்ஸி. நுரையீரலுக்கு சி.டி ஸ்கேனும் மூச்சுத்திறன் சோதனையும் அவசியம்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்திருப்பது நல்லது. பெரியவர்களுக்கு வரும் டெர்மட்டோமயோசிடிஸில் ஒரு பகுதியினருக்கு, உடலில் எங்கோ மறைந்திருக்கும் புற்றுநோயும் இருக்கலாம். கருப்பை முட்டைப்பை, மார்பகம், நுரையீரல், வயிறு, குடல், ஆசியர்களுக்கு மூக்கின் பின்பகுதி ஆகியவை முக்கிய இடங்கள். நோய் தெரிந்த முதல் சில ஆண்டுகளில்தான் இந்த ஆபத்து அதிகம்.

அதனால் டாக்டர் மேமோகிராம், பாப் ஸ்மியர், வயிறு ஸ்கேன் எல்லாம் எழுதிக்கொடுத்தால், "தோலுக்கு வந்தா இதையெல்லாம் எதுக்கு எடுக்கச் சொல்றார், காசு பிடுங்கறாரா?" என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கக் கிடைத்த வாய்ப்பு அது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி எதுவும் இருக்காது. குழந்தைகளுக்கு வரும் இந்த நோய்க்குப் புற்றுநோயோடு தொடர்பு கிடையாது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு வந்தால்..?

ஓடி விளையாடிய பிள்ளை, "தூக்கிக்கோம்மா" என்று அடிக்கடி கேட்கும். அடிக்கடி கீழே விழும். தரையிலிருந்து எழும்போது, தன் தொடை மேலேயே கையை ஊன்றி ஏணி ஏறுவதுபோல எழுந்திருக்கும். எரிச்சலோடு இருக்கும். 'சோம்பேறி', 'ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்குது' என்று திட்டுவதற்கு முன்னால், இமையையும் விரல் முட்டிகளையும் பாருங்கள். குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் கல் மாதிரி கால்சியம் படிவதும் உண்டு. சிகிச்சை தாமதமானால் அது அதிகமாகும்.

ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன், இந்த நோய் வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு இறந்துபோனது. மூன்றில் ஒரு பங்கு நிரந்தரமாக முடங்கியது. இன்று முறையான சிகிச்சை கிடைத்தால் மிகப் பெரும்பாலானவர்கள் பிழைத்து, பள்ளிக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் திரும்புகிறார்கள்.

சிகிச்சை என்ன?

முழுமையாக வேரறுக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கட்டுக்குள் கொண்டுவர நிறைய மருந்துகள் இருக்கின்றன.

*ஸ்டீராய்டு:* முதல் ஆயுதம் இதுதான். அதிக அளவில் தொடங்கி, மாதக்கணக்கில் மெள்ள மெள்ளக் குறைப்பார்கள். முகம் உப்புவது, எடை கூடுவது, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏறுவது, எலும்பு பலவீனம் போன்ற பக்கவிளைவுகள் உண்டு. அதற்காக 'யூடியூப்ல பாத்தேன், ஸ்டீராய்டு ஆபத்தாம்' என்று நீங்களே திடீரென நிறுத்திவிட்டால், அதுதான் உண்மையான ஆபத்து. நீண்டநாள் ஸ்டீராய்டு எடுக்கும்போது உடல் தன்னுடைய ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

*மெத்தோட்ரெக்சேட், அசதியோப்ரின், மைகோஃபினோலேட்:* ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவுபவை. இதில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் குறைந்து ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள். குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் மைகோஃபினோலேட்டும் கருவைப் பாதிக்கும்.

*ஐ.வி.ஐ.ஜி:* ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிரணுக்களை நரம்பு வழியாக ஏற்றும் சிகிச்சை. இதன் ஒரு தயாரிப்புக்கு, பெரியவர்களுக்கு வரும் இந்த நோய்க்கென்றே 2021-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பலன் நல்லது, விலைதான் அதிகம். கட்டுப்படாத நிலையில் ரிட்டுக்ஸிமாப், டோஃபாசிட்டினிப் போன்றவையும் உண்டு.

*உடற்பயிற்சி:* 'தசைநோய், அசையாம படுத்துக்கோ' என்பது பழைய அறிவுரை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் அளவான பயிற்சி பாதுகாப்பானது, வலுவை மீட்டுத் தருவது என்று இன்று தெரிந்துவிட்டது.

எந்த டாக்டரைப் பார்ப்பது?

இதற்கான சிறப்பு நிபுணர் ருமட்டாலஜிஸ்ட். கை, கால் வலிக்கு மட்டுமான டாக்டர் என்று நினைக்காதீர்கள். ஆட்டோஇம்யூன் நோய்கள்தான் அவர்களின் களம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவத் துறையிலோ, தோல் துறையிலோ காட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்தெந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று அங்குள்ள கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். தடிப்பு வரும் போகும். அது தெளிவாகத் தெரியும் நாளில் நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துவையுங்கள். எது எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தோல், பலவீனம் இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

- வெயில் இந்த நோயைத் தூண்டும். குடை, முழுக்கைச் சட்டை, தொப்பி, எஸ்.பி.எஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன் அவசியம். கறுப்புத் தோலுக்கும்தான்.
- விழுங்கச் சிரமம் இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, குழைவான உணவைச் சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்கவிடாதீர்கள்.
- எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள் எடுப்பதால், காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். எந்தத் தடுப்பூசி போடலாம், எது கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.
- உப்பு, இனிப்பைக் குறைத்து, பால், முட்டை, பயறு, கேழ்வரகு சேர்த்துக்கொள்ளலாம். 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' லேகியம், பொடிகளை டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். எதிர்ப்பு சக்தி தப்பாக வேலை செய்வதுதானே இங்கு பிரச்னையே!
- குளியலறையில் பிடிமானக் கம்பி, உயரமான நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட் ஆகியவை பெரிய நிம்மதி தரும்.

மீண்டு வந்த ஒரு நடிகர்

சுஹானியின் முடிவு மனதைக் கனக்கவைக்கிறது. ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனின் புகழ்பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியருக்கு 1974-ல், 67 வயதில் இதே நோய் வந்தது. தசைகள் செயலிழந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். மேடை நாடகத்துக்கு அவர் திரும்பவில்லை. ஆனால் 1976-ல் 'மாரத்தான் மேன்', 1978-ல் 'தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்' படங்களில் நடித்தார். இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 1983-ல், 76 வயதை எட்டும்போது, தொலைக்காட்சிக்காக 'கிங் லியர்' ஆகவும் நடித்தார். இன்றிருக்கும் மருந்துகளில் பல அப்போது கிடையாது.

நோய் அரியதுதான். உங்கள் வீட்டுக்கு வராமலே போகலாம். ஆனால் அடுத்த முறை அம்மா, "தலைவாரக் கையே தூக்க முடியலடி" என்று சொன்னால், சீப்பை வாங்கி வாரிவிடுங்கள். அப்படியே அவர் மேல் இமையையும், விரல் முட்டிகளையும் ஒரு தடவை பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.